ஏழாம் கட்டிலுக்குக் கடைசித் தட்டு

1991-ஆம் ஆண்டு, மழை விட்டு வெயில் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்த பருவத்தில் தையற்காரியும் மூடியக்காவும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். சந்தித்தார்கள் என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான். மல்லாந்து படுத்திருந்த தையற்காரியின் கண்ணுக்குத் தெரிந்தவை ஒரு முழங்கையும், அதன் அருகே தொங்கிய ஓர் அலுமினிய மூடியுமே. மூடியின் உட்புறத்திலிருந்து ஒரு சொட்டு வெந்நீர் அவள் கழுத்தில் விழுந்தது.

“சுட்டுடுச்சா?” என்று முழங்கைக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இல்லை.”

“சுட்டிருந்தா நல்லதுன்னுதான் கேட்டேன். சோறு சூடா இருக்குன்னு அர்த்தம். இந்த ஆஸ்பத்திரியில அது அடிக்கடி நடக்கறதில்லை.”

பெண்களுக்கான அந்த எலும்பு வார்டில் பதினாறு கட்டில்கள் இருந்தன. தையற்காரிக்குக் கிடைத்தது ஏழாம் கட்டில். வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குத் தைத்த திரைச்சீலையைத் தானே மாட்டித் தருகிறேன் என்று முக்காலியில் ஏறியவள், அதன் ஒரு கால் குட்டை என்பதை இறங்கும்போதுதான் அறிந்தாள். வலத் தொடையெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. காலை ஒரு சட்டத்தில் தூக்கிக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல்மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அசைப்பதற்கு அவளுக்கு மிஞ்சியவை கழுத்தும் இரு கைகளும் வாயும்தான். அவற்றுள் வாயைத்தான் அவள் மிகக் குறைவாகப் பயன்படுத்தினாள். பேசுவதற்கும் சரி, உண்பதற்கும் சரி.

மருத்துவமனையில் நாளைப் பகுத்துத் தருவது கடிகாரம் அன்று, சாப்பாட்டு வண்டி. காலை ஏழரைக்கு ரொட்டியும் பாலும், நண்பகல் பன்னிரண்டரைக்குச் சோறும் வேகவைத்த காயும் அவித்த முட்டையும், மாலை ஆறு மணிக்குச் சூப்பும் கஞ்சியும். வண்டியின் முன்சக்கரங்களுள் ஒன்று எண்ணெய் கண்டு பல ஆண்டுகள் ஆனது. மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் அது கிறீச்சிடும். அந்த ஒலி கேட்டவுடன் வார்டு முழுவதும் தலையணைகள் நிமிரும், போர்வைகள் ஒழுங்காகும், பாதியில் நின்ற முனகல்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்படும். என்ன காய் என்பதை மணத்தைக்கொண்டு முதலில் அறிவிப்பவர் எட்டாம் கட்டில்காரர். அவருக்கு அறுபது வயது, பருத்த உடல். முழங்கால் தேய்ந்து அறுவைக்குக் காத்திருந்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்ததால் அவரை எல்லாரும் ரேடியோ அத்தை என்று அழைத்தார்கள்.

“கேரட்,” என்பார் ரேடியோ அத்தை, மூக்கை உயர்த்தி. “நேத்தும் கேரட், இன்னிக்கும் கேரட். நம்மளை முயல்னு நினைச்சுட்டாங்க போல.”

மூடியக்காவுக்கு வீட்டில் இட்ட பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மற்ற வார்டுகளில் வண்டி தள்ளியவர்கள், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தாழ்வாரத்திலேயே எல்லா மூடிகளையும் எடுத்து அடுக்கிவிட்டுத் தட்டுகளை மட்டும் உள்ளே கொண்டுபோவார்கள். மூடியக்கா அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு தட்டையும் நோயாளியின் முகத்தருகே கொண்டுவந்து, அங்கேதான் மூடியைத் திறப்பார். “நாள் பூரா மருந்து வாடை பிடிக்கிற மூக்கு. இந்த ஆவியாவது அதுக்கு வரட்டும்” என்பது அவருடைய வாதம். வண்டி மற்றவர்களுடையதைவிடக் கால்மணி நேரம் தாமதமாகத்தான் அடுக்களைக்குத் திரும்பும். அதற்காக அவர் ஏச்சு வாங்காத வாரம் இல்லை.

பத்தொன்பதாம் வயதில் அதே மருத்துவமனை அடுக்களையில் காய் நறுக்குவதற்காகச் சேர்ந்தவர் அவர். நான்கு ஆண்டுகள் கத்தி, அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளாக வண்டி. இடையில், மின்தூக்கி இயக்கியவரை மணந்துகொண்டார். நாளொன்றுக்கு ஆறு முறை வண்டியோடு ஏறி இறங்கும்போது கணவனும் மனைவியும் ஒருசில நொடிகள் தனியே இருப்பார்கள். “எங்க குடும்பச் சண்டையெல்லாம் மூணு மாடிக்குள்ள முடிஞ்சிரும்,” என்று அவர் சொல்லுவார். “கதவு திறந்தா ரெண்டு பேரும் சிரிச்ச முகமா இருக்கணுமே.”

வண்டி தள்ளுபவர்களுக்கு, பரிமாறுவதைத் தவிர, இன்னொரு பொறுப்பும் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில், ஒவ்வொரு வேளையும் நோயாளி எவ்வளவு உண்டார் என்பதைக் குறிக்க வேண்டும். தட்டு காலியானால் முழுதும் நிரப்பிய வட்டம். பாதியானால் அரை வட்டம். தொடவில்லை என்றால் வெறும் வட்டம். மூடியக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால், வட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். திரும்பி வரும் தட்டைப் பார்த்தே அவர் ஆளைச் சொல்லிவிடுவார். முட்டையின் மஞ்சளை மட்டும் ஒதுக்கியிருந்தால் வீட்டிலிருந்து யாரும் பார்க்க வரவில்லை. சோற்றை ஓரமாகத் தள்ளி நடுவில் குழி பறித்திருந்தால் நாளை அறுவை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து வைத்திருந்தால் வீட்டுக்குப் போகும் தேதி தெரிந்துவிட்டது. அவர் சொன்னது எல்லா நேரமும் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால், தவறிய கணிப்புகளை அவர் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் கட்டிலின் அட்டையில் பதினொரு நாள்களாக முழு வட்டங்கள் நிரம்பியிருந்தன. அவற்றுள் ஒன்றுகூட உண்மையன்று.

தையற்காரிக்குப் பசிக்கவில்லை என்று எவரேனும் நினைத்தால் அது தவறு. சக்கரம் கிறீச்சிட்டதும் அவள் வாயில் நீர் ஊறும். மூடி திறந்து ஆவி முகத்தில் பட்டதும் பசி இன்னும் கூடும். மார்பின்மேல் துண்டை விரித்து, தட்டை வைத்து, கரண்டியைக் கையில் எடுப்பாள். அப்போது சுற்றிலும் பதினைந்து கரண்டிகள் பதினைந்து தட்டுகளில் உரசும் ஒலி காதில் விழும். உடனே தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு வாய் சோறு உள்ளே போனாலும் அங்கேயே நின்றுவிடும். மற்றவர்கள் உண்டு முடித்து வார்டு அடங்கும்போது தொண்டை தளரும். ஆனால் அதற்குள் தட்டுகளை எடுக்க வந்துவிடுவார்கள். ஏன் இப்படி என்பது அவளுக்கே விளங்கவில்லை. விளங்காத ஒன்றை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அவளுடைய சங்கடத்தை முதலில் கவனித்தவர் ரேடியோ அத்தை.

“என்னம்மா, அப்படியே வச்சிருக்கே?”

“இறங்கலை அத்தை. நீங்க எடுத்துக்கறீங்களா?”

“நானா? எனக்கு டாக்டர் அளவு போட்டிருக்காரு. உடம்பைக் குறைச்சாத்தான் முட்டியில கை வைப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு.” கண் முட்டையை விட்டு நகரவில்லை. “சரி, முட்டையை மட்டும் குடு. வீணாப் போகக் கூடாது பாரு.”

மூன்றாம் நாள் முட்டையோடு காயும் போயிற்று. ஐந்தாம் நாள் தட்டே கைமாறியது. வண்டி வார்டின் மறுகோடிக்குப் போனதும் தையற்காரியின் நிறைந்த தட்டு வலப்புறம் போகும்; ரேடியோ அத்தை தமக்குரிய அளவுச் சோற்றை உண்டு காலிசெய்த தட்டு இடப்புறம் வரும். திரும்பி வரும் மூடியக்காவின் கண்ணுக்கு ஏழிலும் எட்டிலும் துடைத்துவைத்தாற்போல இரண்டு தட்டுகள். ஏழில் நிறைவான ஒரு வட்டம், எட்டில் நிறைவான ஒரு வட்டம்.

திங்கட்கிழமைதோறும் தலைமைச் செவிலி வந்து தையற்காரியின் மேற்கையைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளந்தார். படுத்த நோயாளியை எடை பார்க்கும் கருவியில் ஏற்ற முடியாது. கையின் பருமனைப் பார்த்துத்தான் உடம்பை அறிய வேண்டும். முதல் வாரம் இருபத்துநான்கு சென்டிமீட்டர். இரண்டாம் வாரம் இருபத்திரண்டரை. நாடாவைப் படிப்பதற்கு யாருடைய உதவியும் தேவையில்லாத ஒருத்தி அந்த வார்டில் இருந்தாள் என்றால், அது தையற்காரிதான். ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் சட்டைக் கையில் இருபுறமும் ஒரு தையல் உள்ளே பிடிக்க வேண்டும் என்று அவள் மனத்துக்குள் கணக்கிட்டாள். தன் உடம்பே தனக்குத் தொளதொளப்பாகிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அன்று அறுவை அரங்கில் வேலை நீண்டுவிட்டதால், எலும்பு டாக்டர் மதிய உணவு முடியும் தறுவாயில்தான் வார்டுக்கு வந்தார். ஏழாம் கட்டிலின் முன் நின்று, ஒரு கையில் எக்ஸ்ரே படத்தையும் மறு கையில் அட்டையையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

“இதோ பாரும்மா. எலும்பு கோணலா நிக்குது. ஆபரேஷன் பண்ணித் தகடு வச்சு நிமித்தணும். ஆனா உன் ரத்தத்துல சத்து இல்லை. இப்பக் கத்தி வச்சாப் புண் ஆறாது. மூணு வாரம் பார்ப்போம். அதுக்குள்ள நீ தேறலைன்னா எலும்பு அப்படியே ஒட்டிக்கும். கால் ரெண்டு அங்குலம் குட்டையாயிடும்.”

“மெஷின் மிதிக்க முடியுமா டாக்டர்?”

“நடக்கறதே சிரமம்.”

இருபத்தொன்றாம் வயதிலிருந்து, இருபது ஆண்டுகள், அவள் அந்த மிதி இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைகள், திரைகள், தலையணை உறைகள். மகளின் படிப்பு, வீட்டின் கூரை, எல்லாமே அந்த மிதியடிப் பலகையிலிருந்து வந்தவை. முக்காலியின் குட்டைக் கால் நினைவுக்கு வந்தது. தானும் அந்த முக்காலியைப் போல ஆகிவிடுவோம் என்று எண்ணியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இவ்வளவு சாப்பிட்டும் ஏன் இப்படி?” என்று டாக்டர் அட்டையைத் தட்டினார். பிறகு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்து, அடுத்த அட்டையை எடுத்தார். “நீங்க ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க. குறைக்கத்தானே சொன்னேன்?”

“காத்தைக் குடிச்சாலே எனக்கு உடம்பு போட்டுடுது டாக்டர். எங்க அம்மா வழியில எல்லாருக்கும் அப்படித்தான்,” என்றார் ரேடியோ அத்தை.

தட்டுகளைத் திரட்டிக்கொண்டு டாக்டரின் பின்னால் நின்ற மூடியக்கா, ஏழைப் பார்த்தார், எட்டைப் பார்த்தார். மீண்டும் ஏழைப் பார்த்தார். பிறகு, தையற்காரியின் துண்டின்மேல் கிடந்த கரண்டியைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். அடுக்களையிலிருந்து துடைத்து அனுப்பியபடியே இருந்தது. ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை, நனையவுமில்லை.

“டாக்டர், கொஞ்சம் நில்லுங்க. அந்த வட்டத்தையெல்லாம் நம்பாதீங்க.”

“எந்த வட்டம்?”

“ஏழாம் நம்பர்ல இருக்கிறது. நான் போட்டதுதான். பதினோரு நாளாத் தப்பாப் போட்டிருக்கேன். தட்டைத்தான் பார்த்தேன், கரண்டியைப் பார்க்கலை. இது வாய்க்கே போகலை.”

தலைமைச் செவிலியின் முகம் சிவந்தது. டாக்டர் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இங்கே குறைந்தது அங்கே ஏறியிருப்பதை அறிய அவருக்கு நெடுநேரம் ஆகவில்லை. ரேடியோ அத்தை, வார்டுக்கு வந்த நாள் முதலாக அன்றுதான், எல்லாரும் தம்மையே பார்த்தபோதும் பேசாமல் இருந்தார்.

“குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்,” என்றார் கடைசியில். “வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது டாக்டர். வேற எதுக்கும் வரும். அதுக்கு மட்டும் வராது.”

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைமைச் செவிலிக்குச் சிரிக்க நேரமில்லை. “தப்பா எழுதினதுக்கு நீங்க விளக்கம் எழுதிக் குடுக்கணும்,” என்றார் மூடியக்காவிடம்.

“குடுக்கறேன் சிஸ்டர். வட்டமாப் போட்டுத் தரலாம்னா இப்பவே தரேன். எழுத்துன்னா என் வீட்டுக்காரர்கிட்டதான் கேக்கணும். ரெண்டு தடவை லிஃப்ட்ல போய் வந்தா முடிஞ்சிரும்.”

மாலைக் கஞ்சி முடிந்தபின் மூடியக்கா ஓர் இரும்பு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழாம் கட்டிலின் அருகே அமர்ந்தார். தையற்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மூஞ்சியைத் திருப்பாதே. கோபப்பட வேண்டியது நான்,” என்றார் அவர். “இருபத்தஞ்சு வருஷமா வண்டி தள்ளறேன். ஒரு தட்டும் என்னை ஏமாத்தினதில்லை. என் மானத்தை வாங்கிட்டியே தங்கச்சி.”

“மன்னிச்சிடுங்க அக்கா.”

“அதை அப்புறம் பார்ப்போம். பசிக்குதா?”

“பசிக்குது.”

“பிடிக்கலையா?”

“பிடிக்குது அக்கா. கேரட்கூடப் பிடிக்குது.”

“அது ஒண்ணுதான் நம்பற மாதிரி இல்லை,” என்று சொல்லிவிட்டு மூடியக்கா சற்று யோசித்தார். “சரி, வீட்டுல நீ எப்போ சாப்பிடுவே?”

“எல்லாரும் சாப்பிட்டதுக்கு அப்புறம்.”

“எல்லாரும்னா?”

“முன்னே மாமனார், மாமியார், நாத்தனார், அவங்க பசங்க, என் வீட்டுக்காரர், மகள். இப்ப நானும் மகளும் மட்டுந்தான். மத்தவங்க போயிட்டாங்க, இல்லைன்னா தனியாப் போயிட்டாங்க.”

“இப்பவும் மகள் சாப்பிட்டதுக்கு அப்புறமா?”

“ஆமா. அவ தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டாத்தான்…” தையற்காரி சட்டென்று நிறுத்தினாள். தான் சொன்னதைத் தானே கேட்டாள்.

மணல்மூட்டை கயிற்றில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“இங்க எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க,” என்றாள் தையற்காரி மெதுவாக. “அந்தக் கரண்டிச் சத்தம் கேட்கக் கேட்க, யாருக்கோ இன்னும் ஏதோ வேணும், நான் எழுந்து போகணும்னு தோணுது. எழுந்திருக்கவும் முடியலை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கு, சொல்லவே வெட்கமா இருக்கு.”

“வெட்கப்பட இதுல என்ன இருக்கு? உன் தொண்டைக்கு நீ இருபது வருஷமாச் சொல்லிக் குடுத்திருக்கே. அது நல்லாப் படிச்சிருக்கு.” மூடியக்கா எழுந்து முக்காலியை ஓரமாக நகர்த்தினார். “விடு. அதுக்கு எதிராப் போக வேண்டாம்.”

அடுக்களைக் கதவில் விதிமுறைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தட்டுகளைக் கட்டில் எண் வரிசைப்படி பரிமாற வேண்டும் என்பது அதில் நான்காம் விதி. மறுநாள் நண்பகலில் சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி உள்ளே நுழைந்தது. ஒன்றாம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியையைக் கடந்து, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வொன்றாகக் கடந்து, எட்டாம் கட்டிலின்முன் நின்றது.

“எனக்கா முதல்ல?” என்றார் ரேடியோ அத்தை. அவருடைய கண்கள் பனித்தே விட்டன.

தலைமைச் செவிலி மேசையிலிருந்து எழுந்து வந்தார். “வரிசை என்ன ஆச்சு?”

“வரிசைதான் சிஸ்டர். எட்டு, ஒம்பது, பத்துன்னு பதினாறு வரைக்கும் போய், ஒண்ணுலருந்து ஏழுல முடியும். ஒரு நம்பரும் மாறாது.”

“ஒண்ணுலருந்துதானே ஆரம்பிக்கணும்?”

“அப்படித் தாள்ல இல்லையே. வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்க, எனக்குத்தான் எழுத்து வராது.”

தலைமைச் செவிலி அடுக்களைவரை போய்ப் படித்துவிட்டு வந்தார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஒன்றாம் கட்டில் ஆசிரியைதான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். காரணத்தைக் கேள்விப்பட்ட மூன்றாம் நாளிலிருந்து, தம் தட்டை முடித்ததும் கரண்டியைத் தட்டின்மேல் ஓசைபட வைத்து, “நான் முடிச்சாச்சு” என்று ஏழாம் கட்டில்வரை கேட்கும்படி அறிவிக்கலானார். வகுப்பறையில் பழகிய குரல் அது, தாழ்வாரம்வரை கேட்டது.

ஏழாம் கட்டிலுக்குத் தட்டு வரும்போது மணி ஒன்றேகாலை நெருங்கியிருக்கும். பதினைந்து கரண்டிகளும் ஓய்ந்திருக்கும். மூடியக்கா மற்றவர்களின் தட்டுகளைத் திரட்டி வண்டியில் அடுக்கிவிட்டு, கடைசி மூடியைத் தையற்காரியின் முகத்தருகே திறப்பார். பிறகு தம்முடைய சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு முக்காலியில் அமர்வார். வண்டிக்காரர்களுக்கும் உணவு எல்லாருக்கும் பின்புதான். இத்தனை ஆண்டுகளாக அவர் அதை அடுக்களையின் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் நின்றபடியே உண்டு வந்தார்.

முதல் நாள் தையற்காரி மூன்று கரண்டி உண்டாள். மூடியக்கா வெறும் வட்டமும் போடாமல், அரை வட்டமும் போடாமல், வட்டத்தின் அடியில் நகக்கண் அளவு மையை மட்டும் தீட்டினார். இரண்டாம் நாள் அரை முட்டை. நான்காம் நாள், மூடியக்கா மின்தூக்கிச் சண்டை ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தபோது, தையற்காரி கேட்டபடியே பாதிச் சோற்றை முடித்துவிட்டாள். அதை இருவருமே கவனிக்கவில்லை. சிரிப்பில் ஒரு பருக்கை புரையேறியது. தலைமைச் செவிலி ஓடி வந்து இருவரையும் கடிந்துகொண்டார்.

ஒவ்வொரு வேளை முடிவிலும் மூடியக்கா கரண்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பார்.

“இன்னுமா நம்பலை?” என்று கேட்டாள் தையற்காரி ஒரு நாள்.

“உன்னை நம்பறேன். என் கண்ணைத்தான் நம்பறதில்லை.”

மூன்று வாரங்களில் நாடா இருபத்துமூன்றே காலைக் காட்டியது. தலைமைச் செவிலி எண்ணைச் சொல்வதற்கு முன்பே தையற்காரி அதைப் படித்துவிட்டாள். இரத்தத்தைச் சோதித்த டாக்டர், “இது போதும்” என்றார். அறுவை நடந்தது, தகடு பொருந்தியது, புண் ஆறியது. உட்கார முடிந்த முதல் நாளில், அவள் தட்டைத் தன் மடியில் வைத்துக் குனிந்து பார்த்து, “இவ்வளவு சோறா தினமும் சாப்பிட்டேன்?” என்று வியந்தாள். ரேடியோ அத்தைக்கு வேறு வழியில்லாமல் உடம்பு இளைத்தது. அவருடைய முழங்காலும் முறைப்படி சீராகியது. வீட்டுக்குப் போகும் நாளில் அவர் ஏழாம் கட்டிலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றார். “என்னைப் பட்டினி போட்டுத்தான் நீ தேறினே. நல்லா இரு,” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஒன்பதாம் வாரத்தில் தையற்காரி இரு கால்களும் சம நீளமாக ஊன்றி, கைத்தடியோடு படியிறங்கினாள். இரண்டு மாதம் கழித்து மருத்துவமனைக்குத் திரும்பி வந்தாள்; சோதனைக்காக அல்ல. நீல நிறத்தில், தடித்த துணியில், தான் மிதித்துத் தைத்த மேலங்கி ஒன்றை மூடியக்காவிடம் கொடுத்தாள். அதன் வலப்புறத்தில் சூடு தாங்கும்படி மும்மடிப்பாகத் தைத்த ஒரு பை இருந்தது. கழற்றிய மூடியைக் கையில் பிடித்துத் தவிக்காமல் செருகிக்கொள்வதற்கான பை. மூடியக்கா அதை அணிந்து பார்த்து, மூடியைச் செருகி, எடுத்து, மீண்டும் செருகினார். “அளவே எடுக்கலையே, எப்படித் தைச்சே?” என்றார். தையற்காரி சிரித்தாள். அந்த முழங்கையையும் அதற்குக் கீழிருந்த உடம்பையும் அவள் ஒன்பது வாரம் படுத்தபடியே அளந்திருந்தாள்.

மூடியக்கா மேலும் பத்து ஆண்டுகள் வண்டி தள்ளினார். அந்த மேலங்கி தேய்ந்தபோதெல்லாம் புதியது வந்தது, மொத்தம் ஆறு. பணி ஓய்வு பெற்றபின், மின்தூக்கிக்காரரோடு முழு நாளும் ஒரே வீட்டில் இருப்பது முதலில் அவருக்குப் பழகவில்லை. “கதவே திறக்க மாட்டேங்குது” என்று குறைபட்டுக்கொள்வார். வாரம் ஒரு நாள் நண்பகலில் தையற்காரியின் வீட்டுக்கு வருவார். மகள், மருமகன், பேத்தி என எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு இருவரும் இயந்திரத்தின் பக்கத்தில் அமர்ந்து உண்பார்கள். அவளுடைய தொண்டைக்கு அவர் வேறு பாடம் எதையும் கற்பிக்க முயலவில்லை. கணவர் மறைந்த பிறகு வாரம் இருமுறையாயிற்று.

2014-ஆம் ஆண்டு, அதே பருவத்தில், எழுபத்தொரு வயதான மூடியக்காவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. தாம் முப்பத்தொன்பது ஆண்டுகள் உழைத்த கட்டடத்துக்குள் நோயாளியாக அவர் நுழைந்தது அதுவே முதன்முறை. நெஞ்சு வலியில்லை, வேதனையில்லை. களைப்பு மட்டுமே இருந்தது. மகன் வெளியூரிலிருந்து வந்து காலையும் மாலையும் உடனிருந்தான், நண்பகல் தையற்காரியினுடையது. மூடியக்கா யாரிடமும் எதையும் அதிகமாகக் கேட்டவரில்லை. ஐந்தாம் நாள் நண்பகலில் கேட்டதுதான் கடைசி. அன்று மாலை மகனோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், மறுநாள் விடிந்தபோது தூக்கத்திலேயே அமைதியாகப் போயிருந்தார்.

அந்த ஐந்தாம் நாள் நண்பகலில் வண்டி வந்தது. சக்கரம் கிறீச்சிடவில்லை, ரப்பர் சக்கரங்கள். வண்டி தள்ளி வந்தவர் மூக்குக்கண்ணாடி அணிந்த, நடுவயது ஆண். தட்டுக்குக் கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மூடி.

“திறக்கறதுக்கு முன்னாடியே கேரட்டு தெரியுது,” என்றார் மூடியக்கா. “இப்படி இருந்திருந்தா எனக்கு யாரு பேர் வச்சிருப்பா?”

ஆயினும், அந்த மனிதர் மூடியை அவருடைய முகத்தருகே கொண்டுவந்துதான் திறந்தார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. மூடியக்கா கண்களை மூடி, ஆவி அடங்கும்வரை முகர்ந்தார்.

தையற்காரி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். தன்னுடைய உணவு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். மூடியக்கா கரண்டியை எடுத்தார், வைத்தார். மீண்டும் எடுத்தார்.

“இறங்கலையா அக்கா?”

“எப்படி இறங்கும்? நான் எப்போ முடிப்பேன்னு ஒருத்தி டப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஆயுசு பூரா நான் கடைசியாச் சாப்பிட்டவ. எனக்குப் பின்னாடி ஒரு ஆள் காத்திருந்தா என் தொண்டை மட்டும் திறக்குமா?”

தையற்காரி திகைத்தாள். சுற்றிலும் கரண்டிகள் தட்டுகளில் உரசிக்கொண்டிருந்தன. டப்பாவைத் திறக்கலாமா என்று அவளுடைய விரல்கள் தயங்கின, மூடியோ இறுகியிருந்தது.

“அது கிடக்கட்டும், சாயங்காலம் பேத்திக்குக் குடு,” என்றார் மூடியக்கா. “இந்தத் தட்டு ரெண்டு பேருக்குப் போதும். யாரும் முன்னாடி இல்லை, யாரும் பின்னாடி இல்லை.” தட்டை மெத்தையின் ஓரத்துக்கு, இருவருக்கும் எட்டும்படி நகர்த்தினார். அடுத்த கட்டிலுக்கு நகரத் தொடங்கியிருந்த வண்டிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“தம்பி, இங்க இன்னொரு கரண்டி குடுங்க.”